பச்சைக்குழந்தைக்கு ஆகாத பீரோ வாசம்

செஞ்சிப் பக்கத்துக் கல்யாணங்களில் ஆரணிப் பட்டு இல்லாமல் இருப்பது அரிது. கல்யாணம் முடிந்து அந்தப் பட்டு பீரோவுக்குள் போகும்போது கூடவே நாலைந்து அந்துருண்டையும் போகும். பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள். மளிகைக் கடையில் சின்ன பாக்கெட்டாகத் தொங்கும் வெள்ளை உருண்டை. அது பட்டுக்கு மட்டும் காவல் இல்லை. டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த பழைய வேட்டிக்கும் பருத்திச் சேலைக்கும் கம்பளிக்கும் அதுதான் காவல்.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் அந்தப் பெட்டி திறக்கும். புதுத்துணி உறுத்தும் என்பதால் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் குழந்தைக்குத் துணி. ஏணை கட்டப் பாட்டியின் நைந்த சேலை. போர்த்த ஒரு பழைய சால்வை. இதில் தவறான எண்ணம் எதுவும் கிடையாது. பச்சை உடம்புக்கு மெல்லிய துணி நல்லதுதான். ஆனால் அந்தத் துணியில் ஏறியிருக்கும் வாசம் சில குழந்தைகளின் ரத்தத்தை ஓரிரு நாளில் உடைத்துவிடக்கூடியது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

உருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாப்தலின். அது உருகாமலே ஆவியாகும் பொருள். ஆறு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் உருண்டை மிளகளவு சுருங்கியிருக்கிறதே, மிச்சமெல்லாம் பெட்டிக்குள்ளிருந்த காற்றிலும் துணியின் இழைகளிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தத் துணியில் குழந்தையைச் சுற்றினால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நாப்தலின் உள்ளே போகும். அது எண்ணெயில் நன்றாகக் கரையும். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு அதே துணியில் சுற்றினால் தோல் அதை இன்னும் வேகமாக இழுத்துக்கொள்ளும். எண்ணெய்க் குளியலும் பழந்துணியும் ஒன்றாக நடக்கும் நம் வீடுகளில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளே போன நாப்தலினை உடல் சிதைக்கும்போது நாப்தால், நாப்தோகுவினோன் என்ற பொருள்கள் உண்டாகின்றன. இவை சிவப்பணுவுக்குள் புகுந்து ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டிவிடுகின்றன. இந்தத் தாக்குதல் அணுவுக்குப் புதிதல்ல. சிவப்பணு நாள் முழுவதும் ஆக்ஸிஜனைச் சுமந்து திரிகிறது. அந்த வேலையிலேயே தீங்கான துணைப்பொருள்கள் உண்டாகிக்கொண்டுதான் இருக்கும். அதற்கென்று அணுவுக்குள் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு நிறைந்திருக்கிறது. அதன் ஒரு முனையில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு கட்டு இருக்கிறது. வேதியியலில் அதற்குத் தயால் என்று பெயர். தாக்க வரும் பொருளுக்குத் தயால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அதை அடக்கிவிடும். ஹைட்ரஜனை இழந்த கந்தகம் சும்மா இருக்காது. அப்படி இழந்த இரண்டு குளூட்டாதயோன்கள் கந்தகத்தோடு கந்தகமாகப் பிணைந்துகொள்ளும். அந்தப் பிணைப்புதான் டைசல்ஃபைடு. நல்ல நிலையிலுள்ள அணுவில் தயால் வடிவம் நூறு இருந்தால் டைசல்ஃபைடு வடிவம் ஒன்றுகூட இராது. காரணம், பிணைந்ததை உடனுக்குடன் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் ஒரு நொதி ஓயாமல் வேலை செய்கிறது.

அந்த நொதி வேலை செய்ய என்ஏடிபிஹெச் என்ற பொருள் வேண்டும். உடலின் மற்ற அணுக்களுக்கு அதைப் பெறப் பல வழிகள் உண்டு. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. குளுக்கோஸை எடுத்து ஜி6பிடி என்ற நொதியின் உதவியால் என்ஏடிபிஹெச் செய்வது ஒன்றே அதற்குள்ள வழி. ஜி6பிடி குறைவாகப் பிறந்தவருக்கு அன்றாட வாழ்வில் ஒன்றும் தெரியாது. ஓடுவார், உழுவார், படிப்பார். ஆனால் நாப்தலின் போன்ற ஒன்று உள்ளே வந்தால் கதை மாறுகிறது. தயால்கள் வேகமாகத் தீர்கின்றன, டைசல்ஃபைடு குவிகிறது, அதைத் திரும்பப் பிரிக்க முடியவில்லை. குளூட்டாதயோன் தீர்ந்ததும் தாக்குதல் ஹீமோகுளோபின்மீதே இறங்குகிறது. ஹீமோகுளோபினுக்கும் தயால் உண்டு. அவை தாறுமாறாகப் பிணைந்து, புரதம் கெட்டு, திட்டுத்திட்டாக அணுவின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. 1890இல் ராபர்ட் ஹைன்ஸ் நுண்ணோக்கியில் பார்த்து விவரித்த இந்தத் திட்டுகளுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மண்ணீரல் அப்படிப்பட்ட அணுவை விட்டுவைக்காது. திட்டைக் கடித்தெடுக்கும், அல்லது அணுவையே அழிக்கும். 120 நாள் வாழ வேண்டிய அணுக்கள் நாள் கணக்கில் உடைகின்றன.

இது எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் தயாலுக்கும் டைசல்ஃபைடுக்கும் உள்ள சமநிலை ஒரு நோயின் அடையாளம் ஆகலாம் என்பதை மருத்துவம் தெளிவாகக் கண்டது இந்த இடத்தில்தான். இரண்டாம் உலகப் போரின்போது தொடங்கி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் கைதிகள்மீது மலேரியா மருந்துகளைச் சோதித்தார்கள். சிறைக்குள் இருப்பவர் தரும் ஒப்புதல் எந்த அளவுக்கு ஒப்புதல் என்ற கேள்விக்கு அன்று யாரும் நேர்மையாக விடை தேடவில்லை. ப்ரைமாகுவின் கொடுத்தபோது கறுப்பினக் கைதிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ரத்தம் உடைந்து சிறுநீர் கறுத்தது. குற்றம் உடம்பிலா, அணுவிலா? பாதிக்கப்பட்டவரின் சிவப்பணுக்களைக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு இன்னொருவருக்கு ஏற்றிவிட்டு, பெற்றவருக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்றிய அணுக்கள் மட்டும் உடைந்தன. குற்றம் அணுவில்தான் என்று 1954இல் உறுதியானது. அடுத்து எர்னஸ்ட் பியூட்லர் அந்த அணுக்களில் குளூட்டாதயோன் குறைவாக இருப்பதையும், ஆக்ஸிஜனேற்றும் பொருளோடு ரத்தத்தை வைத்தால் இருப்பதும் மளமளவென்று சரிவதையும் காட்டினார். 1956இல் பால் கார்சனும் உடன் உழைத்தவர்களும் அதற்குக் கீழே இருந்த காரணத்தை, ஜி6பிடி குறைபாட்டை, கண்டார்கள். இன்று உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாகக் கணக்கு. மனிதரில் மிகப் பரவலான நொதிக் குறைபாடு இதுதான்.

இவ்வளவு பேருக்கு இது ஏன் வந்தது என்பதற்கு மலேரியாதான் விடை. குறைபாடுள்ள சிவப்பணுவில் மலேரியாக் கிருமி நன்றாக வளர முடியாது. காய்ச்சல் கொன்று குவித்த நிலங்களில் இந்தக் குறை உள்ளவர்கள் பிழைத்தார்கள், அவர்கள் பிள்ளைகள் பெருகினார்கள். ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடல் ஓரம், மேற்காசியா, இந்தியா, தென்கிழக்காசியா என்று பழைய மலேரியா வரைபடமும் ஜி6பிடி குறைபாட்டின் வரைபடமும் பெருமளவு ஒன்றுகின்றன.

செஞ்சிக்குக் காய்ச்சல் நிலம் என்ற பழைய பெயர் உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் மதிலால் வளைத்த இந்தக் கோட்டையை 1677இல் சிவாஜி பிடித்தார். பின்னால் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல்தான் கைப்பற்ற முடிந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர் வசம் போய் 1761 வரை இருந்தது. அந்தப் பத்தாண்டுச் சொச்சத்தில் ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியர்களுக்கு மேல் வைத்திராத இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 1,200 பேரை இழந்தார்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனி கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். கர்நாடகப் பகுதியிலேயே உடம்புக்கு மிக ஆகாத இடம் என்ற பெயர் அன்று இதற்கு. ஏதோ ஒரு காய்ச்சல்தான் அத்தனை பேரையும் கொன்றது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் மலையடிச் சுனைகளும் குளங்களும் ஏரிகளும் நிறைந்த இடத்தில் குளிர்காய்ச்சலை விலக்கிவிட்டு அந்தக் கணக்கை யோசிப்பது கடினம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. மதிலைப் பார்க்க வருகிறவர்கள் அதன் காய்ச்சலையும் அறிந்துகொள்வது நல்லது. நோய் போன பிறகும் நோயை எதிர்த்த மரபணு போகாது.

இந்தியாவில் இந்தக் குறைபாடு சமூகத்துக்குச் சமூகம் வெகுவாக மாறுகிறது. சில சமூகங்களில் கிட்டத்தட்ட இல்லை. சில பழங்குடிகளில் கால்வாசிப் பேரை எட்டுகிறது. மத்தியதரை வகை, கேரளா–கல்யாண் வகை, ஒடிசா வகை என்று மூன்று வகைகள் நம் நாட்டில் அதிகம். ஆகவே 'எங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் கிடையாதே' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. சோதித்துப் பார்க்காதவரை யாருக்கும் தெரியாது.

பெரியவர்களைவிடப் பச்சைக்குழந்தைக்கு ஆபத்து பல மடங்கு. சிவப்பணு உடைந்தால் ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகும். பெரியவரின் கல்லீரல் அதைக் கையாண்டு வெளியே தள்ளிவிடும். பிறந்து சில நாளான குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறமை இன்னும் வரவில்லை. பிலிருபின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் ஓர் அளவைத் தாண்டினால் மூளைக்குள் படியும். அப்படிப் படிந்தால் குழந்தை இறக்கலாம். பிழைத்தால் காது கேளாமை, கைகால் முறுக்கம், வளர்ச்சிக் குறை என்று வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரும். வந்த பிறகு இதைத் திருப்ப மருந்து கிடையாது. வருவதற்கு முன் நீல ஒளியில் வைத்தோ, தேவைப்பட்டால் ரத்தத்தை மாற்றியோ முழுதாகத் தடுத்துவிடலாம்.

கிரேக்க நாட்டு மருத்துவர்கள் 1963இல் 21 பச்சைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தம் உடைந்திருந்தது. எல்லா வீட்டிலும் நாப்தலின் இருந்தது. பல குழந்தைகளின் தோலில் அது படவே இல்லை. அறையில் இருந்த கம்பளியிலிருந்தோ உடுப்பிலிருந்தோ வந்த ஆவியே போதுமாயிருந்தது. மூளை வரை மஞ்சள் ஏறிய குழந்தைகளும் அதில் உண்டு, இறந்தவையும் உண்டு. அந்த 21 குழந்தைகளில் பலருக்கு ஜி6பிடி குறைபாடு இருந்தது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. நொதி சரியாக உள்ள குழந்தையையும் அதிக நாப்தலின் தாக்கும் என்பதுதான் இதன் பொருள். நைஜீரியாவில் குழந்தைத் துணியோடு இதே உருண்டையை வைக்கும் வழக்கம் மூளையைத் தாக்கும் காமாலைக்கு ஒரு பெரிய காரணம் என்று அந்நாட்டு மருத்துவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் நாப்தலின் அந்துருண்டை விற்பனைக்கு இல்லை.

சிங்கப்பூர் எடுத்த வழி நமக்கு இன்னும் பயன்படும். அங்கே 1965 முதல் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து ஜி6பிடி சோதிக்கிறார்கள். குறைபாடுள்ள குழந்தையை மருத்துவமனையிலேயே கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பார்கள். எந்த மருந்து ஆகாது, எந்தப் பொருள் ஆகாது என்ற பட்டியலைப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புவார்கள். அந்தப் பட்டியலில் அந்துருண்டை உண்டு. ஒரு காலத்தில் அந்த ஊரில் நிறையக் குழந்தைகளின் மூளையைக் கெடுத்த காமாலை, இந்தத் திட்டத்துக்குப் பின் அரிதாகிப்போனது. மலேசியாவிலும் பிறக்கும்போதே சோதிக்கிறார்கள். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு 'ஜி6பிடி' பழகிய சொல். கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பார்க்கும் குறைபாடுகளில் இதுவும் ஒன்று. செஞ்சியில் பிறக்கும் குழந்தைக்கு இது தானாக நடந்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. கேட்டுத்தான் பெற வேண்டும். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் சிங்கப்பூரில் பிறந்ததற்குக் கிடைக்கும் காவல் செஞ்சியில் பிறந்ததற்குக் கிடைக்காமல் போவதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதற்கு ஆகும் செலவு பெரிதில்லை. பியூட்லர் உருவாக்கிய ஒளிர்புள்ளிச் சோதனைக்கு வடிதாளில் ஒரு சொட்டு ரத்தமும் ஒரு புற ஊதா விளக்கும் போதும். நொதி இருந்தால் புள்ளி ஒளிரும், இல்லையென்றால் இருளும்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு எந்தச் சோதனையும் தேவையில்லை. பச்சைக்குழந்தை இருக்கும் அறையில் அந்துருண்டை கூடாது. பீரோ அந்த அறையில் இருந்தால் உருண்டைகளை எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும். குழந்தைக்கென்று எடுக்கும் துணி உருண்டையோடு இருந்ததே இல்லாத துணியாக இருக்கட்டும். வேறு துணி இல்லையென்றால் வாசம் கொஞ்சமும் தெரியாத அளவுக்குப் பல நாள் வெயிலில் விரித்துப் போட்டு, நன்றாகத் துவைத்து, மறுபடி காயவைத்த பிறகுதான் தொடவேண்டும். செஞ்சியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பாறை சூழ்ந்த ஊர், மாசியிலேயே காய ஆரம்பித்துவிடும். பூச்சி வராமல் இருக்க நிழலில் உலர்த்திய வேப்பிலையை மடிப்புக்கு இடையில் வைக்கலாம். வெள்ளை உருண்டையை மிட்டாய் என்று எண்ணித் தவழும் குழந்தை விழுங்குவதும் நடப்பதுதான். அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், மிச்சமுள்ள பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ரத்தம் உடைவது அன்றைக்கே தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்.

மருதாணியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதன் சிவப்புக்குக் காரணமான லாசோன் ஒரு நாப்தோகுவினோன்தான். நாப்தலினை உடல் சிதைக்கும்போது உண்டாகும் பொருளின் உறவு. பெரியவர் கையில் இட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால் முழுக்க அப்பியபோது ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ரத்தம் உடைந்தது வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. முதல் ஆண்டு நிறையும்வரை குழந்தைக்கு மருதாணி வேண்டாம்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சள் எந்தக் குழந்தைக்கும் இயல்பானது அல்ல. முகத்தில் தொடங்கிய மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்காலை எட்டினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, கீச்சுக்குரலில் அழுதாலோ, உடம்பை வில்லாக வளைத்தாலோ அது அவசரம். காலை இளவெயிலில் காட்டினால் போதும் என்று இருந்துவிடுவது இதற்குச் சரிப்படாது. காமாலைக்கு வேர் கட்டுவதும் கீழாநெல்லி அரைப்பதும் இங்கே உதவாது. இந்த மஞ்சள் கல்லீரல் நோயால் வந்ததில்லை, ரத்தம் உடைந்து வந்தது. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் செஞ்சியிலிருந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. 108க்கு அழைத்துவிட்டுக் கிளம்பினால் நேரம் மிச்சம். அங்கே டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டில் அந்துருண்டை இருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

மருந்துகளுக்கு வருகிறேன். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா வந்தவருக்குக் கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல 14 நாள் ப்ரைமாகுவின் தரவேண்டும் என்பது தேசிய வழிமுறை. ஜி6பிடி குறைபாடுள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை ஆகியோருக்கு அது கூடாது. மாத்திரை தொடங்கிய சில நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போகவேண்டும். தொழுநோய்க்குத் தரும் டாப்சோனும் இதே வரிசை. நம் பக்கத்துச் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் 1940களில் அந்த மருந்தைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திக் காட்டியதுதான் உலகத்துக்கே வழியானது. எத்தனையோ பேரின் வாழ்வைத் திருப்பித் தந்த மருந்து அது. கூட்டு மருத்துவத்தில் இன்றும் தினம் 100 மில்லிகிராம் தரப்படுகிறது. மருந்தை மறுக்கச் சொல்லவில்லை, தொடங்குமுன் சோதிக்கச் சொல்கிறேன். மூத்திரக்கடுப்புக்குத் தரும் நைட்ரோஃபுரான்டாயின், புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் ராஸ்புரிகேஸ், நஞ்சுமுறிவாகப் போடும் மெத்திலீன் நீலம் ஆகியவற்றுக்கும் முன்னெச்சரிக்கை வேண்டும். வழக்கமான அளவில் பாராசிட்டமால் இவர்களுக்குப் பாதுகாப்பானதுதான். அவரைக்காய், மொச்சை, துவரை எதையும் விலக்க வேண்டியதில்லை. ஆகாதது ஃபாவா என்ற அகன்ற அவரை ஒன்றே. அது நம் சமையலில் அரிது.

தயாலும் டைசல்ஃபைடும் இப்போது வேறொரு பாதையிலும் பேசப்படுகின்றன. 2014இல் துருக்கியில் ஓஸ்ஜான் எரெலும் சலீம் நெசெலியோலுவும் ரத்த நீரில் இவ்விரண்டையும் சேர்த்து, தானியங்கிக் கருவியிலேயே அளக்கும் எளிய முறையை வெளியிட்டார்கள். நீரிழிவு, உடல்பருமன், நிமோனியா உள்ளவர்களிடமும் புகைப்பவர்களிடமும் டைசல்ஃபைடு பக்கம் தராசு சாய்ந்திருந்தது. சில புற்றுநோய்களில் நேர்மாறாக இருந்தது. அதன் பிறகு கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் இந்தச் சமநிலையை அளந்து கட்டுரைகள் வந்துவிட்டன. ஆராய்ச்சிக்கு இது நல்ல கருவி. நோயாளிக்கு இதை வைத்து முடிவு சொல்ல இப்போதைக்கு முடியாது. ரத்த நீரிலுள்ள தயாலில் பெரும்பகுதி ஆல்புமின் என்ற புரதத்தினுடையது. சாப்பாடு குறைந்தோ சிறுநீரகம், கல்லீரல் கெட்டோ ஆல்புமின் குறைந்தால் தயாலும் குறைந்து காட்டும். ரத்தம் எடுத்த குழாயை நேரம் கடத்தி வைத்தால் காற்றிலேயே தயால் டைசல்ஃபைடாக மாறத் தொடங்கும். பத்து நோயில் ஒரே பக்கம் சாயும் எண், இன்ன நோய் என்று எப்படிச் சொல்லும்? ஜி6பிடி குறைபாட்டில் மட்டும் காரணம் எது, உடைவது எது, தவிர்ப்பது எதை என்று மூன்றும் தெளிவாகத் தெரியும். ஆகவே 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்ற பெயரில் ஒரு பரிசோதனைத் தொகுப்பை யாராவது நீட்டினால் அந்தப் பணத்தை ஜி6பிடி சோதனைக்குக் கொடுப்பது உருப்படியான செலவு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. குளூட்டாதயோன் இன்று அழகு நிலையச் சரக்காகிவிட்டது. நிறம் வெளுக்கும் என்று சொல்லி நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண்கள்தான் அதிகம் அகப்படுகிறார்கள். பிலிப்பீன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இலேயே இதை எச்சரித்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. நிறம் வெளுக்கும் ஊசி எதற்கும் அனுமதி தரவில்லை. அந்தப் பாட்டிலில் பெரும்பாலும் குளூட்டாதயோன் தனியாக இருப்பதில்லை, கூடவே அதிக அளவு வைட்டமின் சி இருக்கும். வைட்டமின் சி சாப்பாட்டில் நல்லது, மாத்திரை அளவிலும் பரவாயில்லை. கிராம் கணக்கில் நரம்பில் ஏற்றினால் அது ஆக்ஸிஜனேற்றத்தைத் தூண்டும் பொருளாக மாறுகிறது. ஜி6பிடி குறைபாடுள்ளவருக்கு அப்படி ஏற்றி ரத்தம் உடைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் உண்டு. தயாலைக் கூட்டுவதாக விற்கும் ஊசியே தயாலைத் தீர்த்துவிடும். அந்த நாற்காலியில் உட்காரும் பெண்ணிடம் ஜி6பிடி பார்த்தாயா என்று யாரும் கேட்பதில்லை.

பெண்களுக்கு இது வராது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது பழுதானால் குறைபாடு முழுசாகத் தெரியும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானால் ஒரு பகுதி அணுக்கள் நல்லவையாகவும் மீதி குறையுள்ளவையாகவும் கலந்திருக்கும். சில பெண்களுக்கு அந்தக் கலவையே ரத்தம் உடையப் போதுமானதாகிவிடும். ஒளிர்புள்ளிச் சோதனையில் இவர்கள் பலர் தப்பிவிடுவார்கள். நொதியை அளந்து எண்ணாகச் சொல்லும் சோதனைதான் இவர்களுக்கு வேண்டும். இன்னொன்று: ரத்தம் உடைந்துகொண்டிருக்கும் சமயத்தில் யாருக்குச் சோதித்தாலும் முடிவு பொய்யாக நன்றாக வரலாம். பழைய அணுக்கள் உடைந்துபோய், புதிதாகப் பிறந்த, நொதி மிகுந்த அணுக்களே மிஞ்சியிருக்கும். அப்போது 'நார்மல்' என்று வந்த தாளை நம்பாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

ஆண்குழந்தை ஒன்றுக்குக் குறைபாடு தெரிந்தால் அது தாய்வழி வந்தது. அப்பாவிடமிருந்து மகனுக்கு எக்ஸ் போவதில்லை. அடுத்துச் சோதிக்க வேண்டியவர்கள் அந்தக் குழந்தையின் அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெரியம்மா சித்தி பிள்ளைகள், முக்கியமாகத் தாய்மாமன். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் ஒழியவில்லை. மாமனுக்குக் குறைபாடு இருந்து, மணக்கும் பெண்ணும் அதைச் சுமப்பவளாக இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பெண்குழந்தைக்கும் இரண்டு எக்ஸும் பழுதாக வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. அப்படி வந்த பெண்ணுக்கு ஆணைப் போலவே முழுக் குறைபாடு இருக்கும். அவளைச் சுற்றப் பழைய வேட்டியைத் தேடிப் பெட்டியைத் திறக்குமுன் சோதனைத் தாள் வீட்டில் இருக்கவேண்டும்.